ஹைட்டி: தண்ணீரில் வந்த நோயும் சாலையில் நின்ற மருந்தும்

2010 அக்டோபர் நடுவில், கரீபிய நாடான ஹைட்டியின் நடுப் பீடபூமியில் உள்ள மிரபலே நகருக்கு அருகே, மேய் என்னும் சிற்றோடையின் தண்ணீரைக் குடித்துவந்த மக்கள் சிலர் அரிசி கழுவிய நீர் போன்ற வயிற்றுப்போக்குடன் சுருண்டு விழத் தொடங்கினர். அந்த ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கலக்கிறது. நாட்டின் நெல்வயல்கள் அந்த ஆற்றை நம்பியவை. அதன் கரையோரக் குடும்பங்கள் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதே தண்ணீரில்தான். ஒரு வாரத்துக்குள் ஆறு கடலைச் சேரும் பகுதியில் இருக்கும் சென்-மார்க் மருத்துவமனையின் தரையெல்லாம் நோயாளிகளாயின. குறைந்தது நூறாண்டுகளாக அந்த நாட்டில் காலரா பதிவானதில்லை என்பதால் மக்கள் உடலில் எதிர்ப்பாற்றலும் இல்லை, மருத்துவர்களுக்கு அந்த நோயைக் கண்ட அனுபவமும் இல்லை. 2019 வரை நீண்ட அந்தப் பரவலில் சுமார் 8,20,000 பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர்.

ஹைட்டியைப் பற்றிப் பேசும்போது பேரிடர் வந்தது, உலகெங்குமிருந்து தொண்டர்கள் ஓடி வந்தனர், இடையில் அரசியல் கலவரம் வந்து வேலையைக் கெடுத்தது என்ற வரிசையில் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்த வரிசை பிழையானது என்பது என் கருத்து. அங்கே மருத்துவத் தொண்டும் அரசியலும் தனித்தனித் தடங்களில் ஓடியதே இல்லை. நோயைக் கொண்டுவந்தது யார், மருந்து வண்டி செல்லும் சாலை யார் கையில் இருக்கிறது, தடுப்பு மருந்துக் குப்பியுடன் வாசலில் நிற்பவரை மக்கள் நம்புகிறார்களா என்ற மூன்று கேள்விகளும் அங்கே மருத்துவக் கேள்விகளாகவும் அரசியல் கேள்விகளாகவும் ஒருசேர இருந்துவந்திருக்கின்றன.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஹைட்டியின் கொடுங்கோலர்களில் முதன்மையானவரான பிரான்சுவா டுவாலியே ஒரு மருத்துவர். 1940களில், யாஸ் என்னும் தோலையும் எலும்பையும் அரிக்கும் நோயை ஒழிக்க அமெரிக்க உதவியுடன் நடந்த இயக்கத்தில் அவர் கிராமம் கிராமமாகச் சென்று பெனிசிலின் ஊசி போட்டார். ஒன்றிரண்டு ஊசியில் ஆறிவிடும் புண் அது. ஊசி போட்டவரை மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. ‘டாக்டர் அப்பா’ என்று பொருள்படும் ‘பாப்பா டாக்’ என்ற பெயரும் கிராமங்களில் கிடைத்த செல்வாக்கும் அவருடன் 1957 தேர்தல் வரை வந்தன. பதவி ஏறியபின் அவர் வளர்த்த தோன்தோன் மக்கூட் என்னும் அடியாள் படைக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடியவர்களில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் பெருந்தொகையினர். அவர்களில் ஒரு பகுதியினர் புதிதாக விடுதலை பெற்ற காங்கோவுக்கும், மற்றவர்கள் நியூயார்க், மான்ட்ரியால் நகரங்களுக்கும் சென்றனர். 1972இல் நியூயார்க்கில் வெளிநாடுவாழ் ஹைட்டிய மருத்துவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். இன்றுவரை தாய்நாட்டுக்கு மருத்துவக் குழுக்களை அனுப்பிவரும் புலம்பெயர் தொண்டின் வேர், ஒரு மருத்துவரின் ஆட்சி மற்ற மருத்துவர்களை விரட்டியதில் இருக்கிறது.

புலம்பெயர்ந்த இடத்திலும் நோய் அவர்களை அரசியலாக்கியது. 1980களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் நோயின் காரணம் தெரியாதிருந்தபோது, அமெரிக்கச் சுகாதாரத் துறை ‘ஹைட்டியர்’ என்ற ஓர் இனத்தையே ஆபத்துக்குரிய பிரிவாகப் பட்டியலிட்டது. 1990இல் ஹைட்டியர்களின் இரத்தத்தை ஏற்கக் கூடாது என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பரிந்துரைத்தபோது, ஏப்ரல் 20 அன்று பல்லாயிரக்கணக்கானோர் புரூக்ளின் பாலத்தின் மீது ஊர்வலமாகச் சென்றனர். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. இதே காலத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் ஜான் வில்லியம் பாப் என்ற ஹைட்டிய மருத்துவர், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கும் முறையைப் பொது மருத்துவமனையில் புகுத்தி இறப்புகளைப் பெருமளவு குறைத்திருந்தார். 1982இல் அவர் தொடங்கிய கெஸ்கியோ மையம் உலகின் மிகப் பழைய எய்ட்ஸ் சிகிச்சை நிறுவனங்களில் ஒன்று. வெளியார் வந்து கற்றுக்கொடுப்பதற்கு முன்பே அங்கே கற்றவர்கள் இருந்தார்கள் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

2010 ஜனவரி 12 மாலை நேர்ந்த நிலநடுக்கம் இந்த வரலாற்றை ஏறக்குறைய மறைத்துவிட்டது. நிலநடுக்க அளவில் 7.0 என்பது மிகப் பெரிய எண் ஆகாது. ஆனால் அதன் மையம் தலைநகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், லெயோகான் அருகே, ஆழமில்லாத இடத்தில் இருந்தது. கட்டடங்களோ கம்பி குறைந்த கான்கிரீட்டால் ஆனவை. இறந்தவர் தொகை ஒரு லட்சம் முதல் மூன்று லட்சத்துக்கும் மேல் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. சுமார் 15 லட்சம் பேர் வீடிழந்தனர். அமைச்சகக் கட்டடங்களும் அவற்றினுள் இருந்த அரசு ஊழியர்களும் ஒருசேர அழிந்ததால், வந்திறங்கிய தொண்டர்களை ஏவவும் தடுக்கவும் யாரும் இல்லாத நிலை ஏற்பட்டது.

அந்த வாரங்களில் வந்தவர்களில் திறமையான அறுவை மருத்துவர்கள் பலர் இருந்தனர். விமான நிலைய வளாகத்தில் கூடாரம் அடித்து இரவு பகல் பாராமல் உழைத்தவர்களை எந்த வகையிலும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சொந்த உணவும் தண்ணீரும்கூட இல்லாமல், மொழி தெரியாமல், எந்த அமைப்பிலும் சேராமல் வந்தவர்களும் இருந்தனர். நசுங்கிய கை கால்களை அகற்றும் அறுவைகள் ஆயிரக்கணக்கில் நடந்தன. பலருக்கு என்ன செய்யப்பட்டது என்ற குறிப்புச் சீட்டுகூட இல்லை. அறுவை செய்தவர் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிட, புண் ஆறாத நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளூர்ச் செவிலியர் தலையில் விழுந்தது. அதே ஜனவரி இறுதியில் அமெரிக்காவைச் சேர்ந்த பத்துப் பேர் கொண்ட ஒரு மதக்குழு, 33 குழந்தைகளை ‘அனாதைகள்’ என்று சொல்லித் தக்க ஆவணங்கள் இன்றி எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல முயன்று பிடிபட்டது. அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். நல்லெண்ணம் ஒன்றே தகுதியாகக் கருதப்படும் இடத்தில் நேரக்கூடியவையே இவை எல்லாம்.

இந்த இடத்தில் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லையே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு வார விடுப்பில் வரும் வெளிநாட்டவருக்கு அந்தப் பட்டம் தானாகவே கிடைக்கிறது. சொற்ப ஊதியத்துக்கு மலைப்பாதையில் நாள்தோறும் மணிக்கணக்கில் நடந்து, காசநோயாளி மாத்திரையை விழுங்கும்வரை அருகில் நின்று பார்த்துத் திரும்பும் கிராமத்துப் பெண்ணுக்கோ ‘ஊழியர்’ என்ற பெயர்தான். அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மரும் அவருடைய ஹைட்டியத் தோழர்களும் காஞ்ச் என்ற ஊரில் 1980களில் வளர்த்தெடுத்த சான்மி லாசான்தே அமைப்பு, இத்தகையவர்களை ‘உடன் நடப்பவர்’ என்ற பொருள்தரும் சொல்லால் அழைத்தது. ஒருவர் வயலில் ஊரே இறங்கி உழைக்கும் ‘கொன்பிட்’ மரபு ஹைட்டியக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவருவதால், அந்தச் சொல் அங்கே அந்நியமாக ஒலிக்கவில்லை. 1998 சூறாவளிக்குப் பிறகு வந்த கியூப மருத்துவர்களும் தலைநகரில் தங்கிவிடாமல் வெளி மாவட்டங்களிலேயே பல்லாண்டுகள் பணியாற்றினர். நிலநடுக்கத்தின்போதும் காலராவின்போதும் வேறெவரும் சென்று சேராத ஊர்களில் அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

காலராவுக்கு வருவோம். மிரபலே ஓடைக்கு மேற்புறத்தில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் நேபாளப் பிரிவு முகாமிட்டிருந்தது. காலரா நிலவிய நேபாளத்திலிருந்து புதிய அணி வந்து சேர்ந்ததும் முகாமின் கழிவு ஓடையில் கலந்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. ஊர் மக்கள் முதல் வாரத்திலேயே முகாமைச் சுட்டிக்காட்டினர். ஐ.நா. மறுத்தது. பிரெஞ்சு நோய்ப்பரவியல் அறிஞர் ரெனோ பியாரூ ஆற்றின் போக்கையும் நோயின் போக்கையும் ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்தார். பின்னர் மரபணு ஆய்வுகள் ஹைட்டியக் கிருமியும் நேபாளக் கிருமியும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டின. பாதிக்கப்பட்டவர்கள் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு, ஐ.நா.வுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தள்ளுபடி செய்யப்பட்டது. 2016 டிசம்பர் 1 அன்றுதான் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி-மூன் ஹைட்டிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். போதிய அளவு செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டாரே தவிர, நோயைக் கொண்டுவந்தது தம் படை என்று நேராகச் சொல்லவில்லை. அப்போது அறிவிக்கப்பட்ட 40 கோடி டாலர் திட்டத்துக்கு உறுப்பு நாடுகள் தந்தது மிகச் சிறிய பகுதிதான்.

அந்தப் படையின் மீது மக்களுக்கு ஏற்கெனவே இருந்த கசப்பையும் சேர்த்துத்தான் 2010 நவம்பர் கலவரத்தைப் படிக்க வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு அருகில் உள்ள ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம்: ஹைட்டிக்கு அனுப்பப்பட்டிருந்த இலங்கைப் படைப்பிரிவினர் நூறு பேருக்கு மேல், சிறுமியர் உட்பட உள்ளூர்ப் பெண்களைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்திய குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டனர். அத்தகைய படை காலராவையும் கொண்டுவந்தது என்று தெரிந்தபோது, நவம்பர் நடுவில் வடக்கு நகரான காப்-ஹைட்டியனில் மக்கள் தடுப்புகளை எழுப்பிக் கல்லெறிந்தனர். உயிர்கள் போயின, உணவுக் கிடங்கு சூறையாடப்பட்டது, குளோரின், மருந்து ஏற்றிய விமானங்களும் வண்டிகளும் நின்றன. தேர்தலைக் குலைக்கும் அரசியல் சூழ்ச்சி இது என்றது ஐ.நா. நவம்பர் 28 தேர்தல் நெருங்கியிருந்தது உண்மை. டிசம்பரில் முதற்கட்ட முடிவுகள் வந்தபோது மறுபடியும் தெருக்கள் எரிந்ததும் உண்மை. ஆனாலும் கலவரக்காரர்களின் அடிப்படைக் குற்றச்சாட்டு சரியானது, அதை மறுத்தவர்களின் கூற்றுத்தான் தவறானது. மருந்து நின்றதற்கான பழியைத் தெருவில் நின்றவன் மீது மட்டும் போடுகிறவர்கள், முதல் நாளிலேயே உண்மை சொல்லப்பட்டிருந்தால் எத்தனை தடுப்புகள் எழாமல் போயிருக்கும் என்று கேட்பதில்லை.

நோய் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதிகாரபூர்வமான விடை இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. தென்மேற்கில் உள்ள கிராண்ட்-ஆன்ஸ் மாவட்டத்தில், வூடூ என்னும் நாட்டுப்புறச் சமயத்தின் பூசாரிகள் ஏதோ ஒரு ‘பொடி’யைத் தூவிக் காலராவைப் பரப்புகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, டிசம்பர் இறுதிக்குள் நாடு முழுவதும் குறைந்தது 45 பேர் கும்பல்களால் கொல்லப்பட்டதாக அமைச்சர் ஒருவர் அறிவித்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், தலைநகரின் கடலோரச் சேரியான வார்ஃப் ஜெரெமியில் ஒரு கும்பல் தலைவன், தன் குழந்தையின் நோய்க்கு வூடூ வித்தைதான் காரணம் என்று நம்பி, பெரும்பாலும் முதியவர்களான 207 பேரைக் கொல்ல வைத்தான் என்று ஐ.நா. விசாரணை கூறியது. இரண்டையும் மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லில் கடந்து செல்வது எளிது. நோய்க்கான காரணத்தைச் சொல்லும் மருத்துவரும் கொலையைத் தடுக்கும் காவலரும் எட்டாத இடங்களில்தான் இரண்டும் நடந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தடுப்பு மருந்தும் இந்த அவநம்பிக்கையில் சிக்கியது. ஹைதராபாத்தில் தயாரான ‘ஷான்கால்’ என்னும் வாய்வழி மருந்தை, தலைநகரின் சேரிகளிலும் ஆர்ட்டிபோனிட் கிராமங்களிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குக் கொடுக்க கெஸ்கியோவும் சான்மி லாசான்தேயும் 2012 தொடக்கத்தில் ஆயத்தமாயின. அப்போது வானொலியில், ஹைட்டியரை எலிகளாக்கும் பரிசோதனை இது என்ற பொருளில் செய்தி பரவ, அறநெறிக் குழுவின் அனுமதி தள்ளிப்போனது. மழைக்காலம் நெருங்கும்போது நாள்கள் வீணாவது எத்தகைய இழப்பு என்பது காலராவை அறிந்தவர்களுக்குத் தெரியும். இறுதியில் மருந்தைக் கொண்டுசேர்த்தவர்கள் அந்தந்தத் தெருவின் சுகாதாரப் பணியாளர்களே. பதிவு செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் தவணைக்கும் திரும்பி வந்தனர். வானொலியைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் சொல் எடுபட்டது.

காலரா சிகிச்சையின் தன்மையே இத்தகைய தொண்டுக்கு இடம் தருகிறது. கவனிக்காமல் விட்டால் கடும் நோயாளிகளில் பாதிப் பேர்வரை இறக்கக்கூடும்; இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தால் இறப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கும். 1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்த மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, இந்திய மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பட்டம் பெற்ற மருத்துவர்தான் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத நோய் இது; ஆனால் நோயாளி சில மணி நேரத்தில் கரைசலை அடைந்தாக வேண்டும். சாலை மறியல் எத்தனை மணி நேரம் என்பது அங்கே உயிர்க் கணக்கு.

2013க்குப் பிறகு ஹைட்டியில் நடந்த வேலை இந்த மணிக்கணக்கை ஒட்டியே அமைந்தது. ஓர் ஊரில் சந்தேக நோயாளி ஒருவர் பதிவானதும், விரைவுக் குழு ஒன்று 48 மணி நேரத்துக்குள் அவர் வீட்டுக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் செல்லும்; குளோரின் மாத்திரையும் சோப்பும் உப்புக் கரைசல் பொட்டலமும் கொடுக்கும்; வீட்டைக் கிருமிநீக்கம் செய்யும்; எந்த நீர்நிலையில் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டு அறியும். சுகாதார அமைச்சகத்தின் குழுக்களும் யூனிசெஃப் உதவியுடன் இயங்கிய குழுக்களும் சேர்ந்தே சென்றன. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஹைட்டியர்கள். 2019இன் தொடக்கத்தில் ஆர்ட்டிபோனிட்டில் கண்டறியப்பட்டதே அந்தப் பரவலின் கடைசி உறுதிசெய்யப்பட்ட நோயாளி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், வெனிசுவேலாவின் மலிவு எண்ணெய்க் கடன் நிதி கொள்ளை போனதற்கு எதிராகத் திரண்ட மக்கள் ‘பெயி லோக்’, அதாவது பூட்டப்பட்ட நாடு, என்ற முழு அடைப்பைத் தொடங்கினர். இலையுதிர் காலத்தில் அது பல வாரங்கள் நீண்டது. சாலைகள் அடைபட்ட அந்த ஆண்டு முழுவதும் காலரா திரும்பவில்லை. அந்தந்த ஊரிலேயே ஆளும் மாத்திரையும் இருந்தால் கலவரத்தையும் மீறிப் பொதுச் சுகாதாரம் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த அடித்தளமும் ஆட்டம் கண்டது. 2021 ஜூலை 7 அன்று அதிபர் ஜொவெனெல் மொய்ஸ் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கோவிட் தடுப்பூசியின் முதல் தொகுதி நாட்டை அடைந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. ஆகஸ்ட் 14 அன்று தெற்குத் தீபகற்பத்தை 7.2 அளவு நிலநடுக்கம் தாக்கி 2,200 பேருக்கு மேல் இறந்தபோது, தலைநகரிலிருந்து தெற்கே செல்லும் ஒரே பெருஞ்சாலை மார்ட்டிசான் பகுதியில் ஆயுதக் கும்பல்கள் கையில் இருந்தது. நிவாரண வண்டிகள் செல்லப் பேரம் பேச வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் எரிபொருள் மானியத்தை விலக்குவதாகப் பிரதமர் ஏரியல் ஹென்றி அறிவித்ததும், ஜி9 கும்பல் கூட்டணி வாரூ எண்ணெய்க் கிடங்கை மறித்தது. டீசல் இல்லாமல் மருத்துவமனை ஜெனரேட்டர்களும், குடிநீர் ஆலைகளும், சேரிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரிகளும் நின்றன. அக்டோபர் 2 அன்று, மூன்றாண்டுக்கும் மேல் இல்லாதிருந்த காலரா மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. சிட்டே சோலே சேரியிலும் நெரிசல் மிகுந்த தேசியச் சிறையிலும் அது வேகமாகப் பரவியது. 2010இல் கிருமி வெளியிலிருந்து வந்தது. 2022இல் அது பரவ வழிசெய்தது கிடங்கு வாசலில் வெட்டப்பட்ட அகழியும் நிறுத்தப்பட்ட கன்டெய்னர்களும்.

2024 பிப்ரவரி இறுதியில் கும்பல்கள் ஒன்றுசேர்ந்து தாக்கத் தொடங்கியபின் நடந்தவற்றை உலகம் ஓரளவு அறியும்: சிறைகள் உடைக்கப்பட்டன, விமான நிலையம் மூடப்பட்டது, ஹென்றி பதவி விலகினார், கென்யா தலைமையிலான காவல் படை ஜூனில் வந்தது. அந்த ஆண்டில் மட்டும் 5,600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கிட்டது, 2025 தொடக்கத்தில் உள்நாட்டு அகதிகள் பத்து லட்சத்தைத் தாண்டினர். 2024 நவம்பரில் ஆம்புலன்ஸ் ஒன்று நிறுத்தப்பட்டு நோயாளிகள் கொல்லப்பட்டதை அடுத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தலைநகரில் பணியைச் சில வாரங்கள் நிறுத்தியது. டிசம்பரில் பெர்னார் மெவ்ஸ் மருத்துவமனைக்குத் தீ வைக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பொது மருத்துவமனையின் மறுதிறப்பு விழாவில் கும்பல் சுட்டதில் இரண்டு செய்தியாளர்களும் ஒரு காவலரும் இறந்தனர்.

புலம்பெயர்ந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது இரட்டைப் பூட்டு. 2024 நவம்பரில் விமானங்கள் சுடப்பட்டதிலிருந்து அமெரிக்க விமானங்கள் போர்ட்-ஓ-பிரின்சில் இறங்கத் தடை வந்தது. உதவிக்கு வர விரும்புகிறவர் வடக்கே காப்-ஹைட்டியன்வரை வரலாம், அங்கிருந்து தலைநகருக்குச் சாலை வழி செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். மறுபுறம், 2010 நிலநடுக்கத்தை ஒட்டி அமெரிக்கா ஹைட்டியர்களுக்குத் தந்த தற்காலிகப் பாதுகாப்பு, பின்னாளில் சுமார் ஐந்து லட்சம் பேரைக் காத்துநின்றது. அதை முடிப்பதாக 2025இல் அந்நாட்டு அரசு அறிவித்து, வழக்கு நீதிமன்றங்களுக்குச் சென்றது. அவர்களில் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிவோர் ஏராளம். புலம்பெயர்ந்தோர் ஆண்டுதோறும் அனுப்பும் 300 கோடி டாலருக்கும் மேலான பணத்தில்தான் தாய்நாட்டுக் குடும்பங்களின் மருந்துச் செலவும் அடங்கியிருக்கிறது. எந்த நிவாரணக் கணக்கிலும் இந்தத் தொகை ‘தொண்டு’ என்று எழுதப்படுவதில்லை.

காலரா தொடங்கிய மிரபலேயில் 2013இல் சான்மி லாசான்தேயும் அரசும் சேர்ந்து சுமார் 300 படுக்கைகள் கொண்ட பயிற்சி மருத்துவமனை ஒன்றைத் திறந்தன. சூரிய மின்சாரத்தில் இயங்கிய அந்த மருத்துவமனையில் ஹைட்டிய இளம் மருத்துவர்கள் ஹைட்டிய ஆசிரியர்களிடம் அறுவையும் அவசர சிகிச்சையும் பயின்றனர். தலைநகரின் மருத்துவமனைகள் மூடியபோது நோயாளிகள் அங்கே ஏறி வந்தனர். 2025 மார்ச் 31 அன்று கும்பல்கள் மிரபலேக்குள் நுழைந்து சிறையைத் திறந்துவிட்டன. ஏப்ரலில் மருத்துவமனை காலி செய்யப்பட்டது. நகரைவிட்டுக் கிளம்பிய பல்லாயிரம் பேருடன் மருத்துவர்களும் செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் அகதிகளாகவே மலைப் பகுதிகளுக்கும் அண்டை ஊர்களுக்கும் சென்றனர். அதே அமைப்பின் மற்ற மருத்துவமனைகளிலும், அகதிகள் தங்கிய இடங்களுக்குச் சென்ற நடமாடும் மருத்துவக் குழுக்களிலும் பணி தொடர்ந்தது.